மைக் பிடித்ததும் சுருதி எங்கே போகிறது?

கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் ஃபெடரல் நெடுஞ்சாலையில், நெரிசலில் நிற்கும் காருக்குள் வானொலியோடு சேர்ந்து அழகாகப் பாடும் நண்பர் ஒருவர் நம் எல்லோருக்கும் இருப்பார். மின்னல் எஃப்எம்மில் ஒரு பழைய பாட்டு வந்தால் போதும், பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை சுருதி பிசகாமல் கூடவே போவார். அதே நண்பரைச் சனிக்கிழமை இரவு பிரிக்பீல்ட்ஸ் பப் ஒன்றில் கராவோக்கே மேடையில் ஏற்றி, அதே பாட்டைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுங்கள். இரண்டாவது வரியிலேயே பாட்டு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். மேசையைச் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். “மச்சான், உனக்குச் சுருதியே கேக்காதுடா” என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வார். பாடியவரும் அதை நம்பிவிடுவார்.

மேடைக் கூச்சம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். கூச்சம் ஒரு காரணம்தான். ஆனால் கூச்சம் என்பதே அறியாதவர்கள், கூட்டத்தைப் பார்த்தால் உற்சாகம் பிறப்பவர்கள்கூட அதே இடத்தில் அதே மாதிரி விலகுகிறார்கள். காரில் சரியாக வேலை செய்த காதும் தொண்டையும் பப்பில் ஏன் கைவிடுகின்றன? கடந்த நூறாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் விடை, அந்த நண்பருக்குச் சாதகமானது. பெரும்பாலும் அவர் காதில் குறையில்லை. அவர் குரல் அவருக்கே கேட்காத கூடத்தில், இன்னொருவர் தொண்டைக்கு அமைத்த பாட்டை அவர் பாடிக்கொண்டிருக்கிறார்.

உண்மையிலேயே சுருதி பிடிபடாதவர்கள் இல்லாமல் இல்லை. அவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு புரியும், பாட்டின் வரிகளைச் சொன்னால் இன்ன பாட்டு என்று தெரியும். வரிகளை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையிலுள்ள சிறு ஏற்ற இறக்கத்தை அவர்களுடைய மூளை பிரித்துணர்வதில்லை. இந்தப் பிறவி நிலைக்கு அம்யூசியா என்று பெயர்; நிறக்குருடு என்பதைப் போலச் சுரக்குருடு எனலாம். கனடாவின் மொண்ட்ரியல் நகரில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த இசபெல் பெரெட்ஸ், டொமினிக் வூவன் என்பவரோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 16,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த முடிவுகள் உள்ளன. சுரக்குருடு உள்ளவர்கள் 1.5 விழுக்காடு. அறுபது பேர் நிறைந்த பப்பில் ஒருவர் இருக்கலாம். மேடையேறித் தடுமாறுகிற எல்லோரும் அந்த ஒருவராக இருக்க முடியாது.

அப்படியானால் மற்றவர்கள் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார்கள்? இதைக் கண்டுபிடிக்க சிமோன் டல்லா பெல்லாவும் பெரெட்ஸும் சகாக்களும் ஆய்வகத்தை விட்டுப் பூங்காவுக்குப் போனார்கள். கியூபெக் மாநிலத்தில் பிறந்தநாள் என்றால் எல்லோரும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஆய்வாளர் ஒருவர், இன்று தனக்குப் பிறந்தநாள் என்று சொல்லிப் பூங்காவில் போவோர் வருவோரை அந்தப் பாட்டைப் பாடச் செய்து ஒலிப்பதிவு செய்தார். கேட்பவரின் அபிப்பிராயத்தை நம்பாமல், ஒவ்வொரு சுரமும் எவ்வளவு விலகுகிறது என்று கணினியால் அளந்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவு: பாட்டுப் பயிற்சியே இல்லாத பெரும்பாலோர் நன்றாகவே பாடினார்கள். தொழில்முறைப் பாடகர்களைவிட வேகமாகப் பாடினார்கள், அவ்வளவுதான். சிலரை ஆய்வகத்துக்கு அழைத்து அதே பாட்டை நிதானமாகப் பாடச் சொன்னபோது பிழைகள் கணிசமாகக் குறைந்தன.

எனக்கு மிகப் பிடித்த சோதனை இதற்கு ஐந்தாண்டு கழித்து வந்தது. ஷான் ஹட்சின்ஸும் பெரெட்ஸும் ஓர் எளிய கருவியைச் செய்தார்கள். விரலை நகர்த்தினால் குரல் போன்ற ஒலி ஏறும், இறங்கும். ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டு, முதலில் அதை வாயால் பாடச் சொன்னார்கள். பிறகு அதே சுரத்தைக் கருவியில் விரலால் பிடிக்கச் சொன்னார்கள். வாயால் பாடும்போது தடுமாறிய பலர், முன்பின் தொட்டிராத அந்தக் கருவியில் சுரத்தை எளிதாகப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சுருதி கேட்கிறது. இல்லையென்றால் விரல் எப்படிச் சரியான இடத்தில் நிற்கும்? கேட்டதைத் தொண்டைத் தசைக்கான கட்டளையாக மாற்றும் இடத்தில்தான் சிக்கல்.

அந்த மாற்றம் எவ்வளவு நுட்பமானது என்று பார்ப்போம். குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய மடிப்புகள், குரல் நாண்கள், நுரையீரலிலிருந்து வரும் காற்றில் திறந்து மூடி அதிர்கின்றன. ஆண் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது வினாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை, பெண்ணுக்கு ஏறத்தாழ 200 முறை. இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண். நாண்களை இழுத்து விறைப்பாக்கினால் அதிர்வெண் கூடும், சுருதி ஏறும். கீழ் ஸட்ஜமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் போவது என்றால் அதிர்வெண் சரியாக இரட்டிப்பாக வேண்டும். அந்த இடைவெளியைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்தால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் சுமார் 6 விழுக்காடு. ஒரு படி விலகினாலே கேட்பவர் முகம் சுளிக்கும். கண்ணால் பார்க்க முடியாத, தொட்டுச் சரிபார்க்க முடியாத ஒரு தசையை அதைவிடக் குறைந்த பிழையோடு நிறுத்த வேண்டும்.

இதை மூளை எப்படிச் சாதிக்கிறது? மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுபவரைப் பாருங்கள். ஒரு கை தலைக்கு மேல், ஒரு கை இடுப்புக்குக் கீழ். தேநீர் நீண்டு விழும்போது அவர் கண் அதைவிட்டு அகலாது; தாரை கொஞ்சம் விலகினால் கீழ்க் கை அந்தக் கணமே நகர்ந்து பிடித்துக்கொள்ளும். பாடும்போது அந்தக் கண்ணின் வேலையைக் காது செய்கிறது. வாயிலிருந்து வந்த சுரத்தைக் காது கேட்டு, மனத்திலுள்ள சுரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தொண்டைக்குச் சொல்கிறது. தொண்டை திருத்திக்கொள்கிறது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர்.

இது வெறும் ஊகம் இல்லை என்று எப்படித் தெரியும்? 1981-இல் ஜெஃப்ரி எல்மன் ஒரு தந்திரம் செய்தார். பேசுபவரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அவருடைய குரலையே, சுருதியை மட்டும் மின்னணுக் கருவியால் சற்று மாற்றி, அவருக்குக் கேட்கவிட்டார். குரல் ஏறிப்போனதாகக் காதில் விழுந்தால் தொண்டை தானாகவே இறங்குகிறது; இறங்கியதாக விழுந்தால் ஏறுகிறது. பின்னாளில் வந்த சோதனைகள் இந்தத் திருத்தம் வினாடியில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் தொடங்கிவிடுகிறது என்று காட்டின. சிறு மாற்றமென்றால், தான் திருத்துகிறோம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. 2000-இல் ஜெஃப்ரி ஜோன்ஸும் கெவின் மன்ஹாலும் இன்னொன்றைக் கண்டார்கள். சிறிது நேரம் மாற்றிய குரலைக் கேட்கவைத்துவிட்டு, திடீரென்று இயல்பான குரலுக்குத் திரும்பினால், தொண்டை உடனே பழைய இடத்துக்கு வருவதில்லை. கொஞ்ச நேரம் விலகியே ஒலிக்கிறது. இன்ன சுரத்துக்கு இவ்வளவு விறைப்பு என்று ஒரு வரைபடத்தை மூளை வைத்திருக்கிறது, காது அதை ஓயாமல் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு இது சான்று.

பழகிய கை கண்ணை மூடியும் கொஞ்ச நேரம் தேநீரை ஆற்றும். தேர்ந்த பாடகரும் அப்படித்தான். பல ஆண்டுப் பயிற்சியில் தொண்டையின் உணர்வே அவருக்குச் சுரம் சொல்லும். நண்பருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அவருக்கு இருப்பது காது ஒன்றுதான்.

பப் அவரிடமிருந்து பறிப்பதும் அதைத்தான். ஒலிபெருக்கிகள் மேசைகளைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. பாடுபவர் அவற்றுக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்கிறார். பேஸ் அதிர்கிறது, பக்கத்து மேசையில் பேச்சு, சிரிப்பு, கண்ணாடிச் சத்தம். இவற்றுக்கு நடுவே தன் குரல் தனக்கு எட்டாதபோது மனித உடல் இயல்பாகவே ஒன்றைச் செய்கிறது: சத்தத்தைக் கூட்டுகிறது. 1911-இல் இதை விவரித்தவர் எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு காது மருத்துவர். காதில் இரைச்சலைப் பாய்ச்சினால் பேசுபவர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். இரைச்சலை நிறுத்தினால் இறக்குவார். காது கேட்கவில்லை என்று பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் இதையே சோதனையாக்கினார்கள். உண்மையிலேயே கேட்காதவரின் குரல் உயராது. நடிப்பவரின் குரல் உயர்ந்துவிடும். எளிதில் அடக்க முடியாத அளவுக்கு ஆழமான பழக்கம் அது. சத்தம் கூடும்போது காற்றழுத்தம் கூடுகிறது, நாண்கள் விறைக்கின்றன, சுருதியும் மேலே தள்ளப்படுகிறது. பப்பில் பாடுபவர் கத்துவது போலத் தோன்றுவதும், மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டுவதும் இதனால்தான்.

அடுத்தது தாமதம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பின்சுவர் பத்து மீட்டர் தள்ளி இருந்தால், குரல் போய் மோதித் திரும்ப 20 மீட்டர், அதாவது வினாடியில் பதினேழில் ஒரு பங்கு ஆகும். தன் குரல் இப்படிப் பிந்தி வந்து காதில் விழுந்தால் என்னாகும் என்று 1950-இல் பெர்னார்ட் லீ காட்டினார். ஐந்தில் ஒரு வினாடி அளவுக்குத் தாமதமாகத் தன் பேச்சைக் கேட்டவர்கள் திக்கினார்கள், அசைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், இழுத்தார்கள். வீட்டு விருந்துகளில் புளூடூத் ஒலிபெருக்கியோடு கராவோக்கே பாடித் தாளம் தப்பியவர்கள் இதைத் தங்களுக்குள்ளேயே சோதித்தவர்கள். குரலைக் குறியீடாக்கி, அனுப்பி, மறுபடி ஒலியாக்குவதற்குள் அந்த இணைப்பு வினாடியில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும். மைக்கிலிருந்து ஒலிபெருக்கி வரை கம்பியில் இணைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

காரில் ஏன் சரியாக வருகிறது என்பதற்கு இப்போது விடை சொல்லலாம். கண்ணாடி மூடிய சிறிய பெட்டி அது. குரல் கண்ணாடியில் பட்டு உடனே காதுக்குத் திரும்புகிறது. வானொலியின் சத்தமும் நம் கையில். குளியலறை ஓடுகளும் அதே உதவியைச் செய்கின்றன. எதிரொலி மிகச் சீக்கிரம் திரும்பினால் மூளை அதைத் தனியாகப் பிரிப்பதில்லை. குரல் கனமாக, தெளிவாகக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறது. ரெட் பாக்ஸ் போன்ற இடங்களில் நண்பர்கள் மட்டும் ஓர் அறையை எடுத்துப் பாடும்போது, பப் மேடையைவிடப் பலர் நன்றாகப் பாடுவதற்கு அந்நியர் இல்லாத தைரியம் ஒரு காரணம், அறையின் அளவு இன்னொரு காரணம். ஆனால் கராவோக்கே இயந்திரத்தில் எக்கோ பொத்தானைக் கடைசிவரை திருகி வைப்பது வேறு கதை. கேட்பவருக்கு அது குரலை மெழுகிக் காட்டும். பாடுபவருக்குப் போன சுரம் வந்த சுரத்தின் மேல் படிந்து, தான் இப்போது எங்கே நிற்கிறோம் என்பதையே மறைத்துவிடும்.

மது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது கூச்சத்தைக் குறைக்கும். கூடவே நுண்ணிய தசைக் கட்டுப்பாட்டையும், பிழையை உணரும் கூர்மையையும் குறைக்கும். மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு பாட்டு முன்னேறியதாகத் தோன்றுவது பாடுபவரின் காதில் மட்டும்.

தன் குரல் தன் காதுக்கு எட்டவில்லை என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, கட்டை. நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஒரு கட்டை, ஒன்றரை, இரண்டு, ஐந்து, ஐந்தரை. ஹார்மோனியத்தில் ஸட்ஜமத்தை எந்தக் கட்டையில் வைக்கிறோம் என்பதே கணக்கு. பிரிக்பீல்ட்ஸில், பப்புகள் இருக்கும் தெருக்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் இருக்கிறது. அது போன்ற எந்த இசைப் பள்ளியிலும் கர்நாடக இசை வகுப்பு மாணவரின் கட்டையைக் கண்டுபிடிப்பதில்தான் தொடங்கும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைகளில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு. ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒன்றரைக் கட்டையிலும் இன்னொருவர் இரண்டரைக் கட்டையிலும் பாடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். தம்புரா பாடகரின் தொண்டைக்கேற்பச் சுருதி சேர்க்கப்படும்.

சினிமாப் பாட்டின் கராவோக்கே தடத்தில் இது தலைகீழ். டி.எம். சௌந்தரராஜன் கம்பீரமாக நின்ற உச்சத்துக்கும், எஸ்.பி. பாலசுப்ரமணியம் அநாயாசமாகத் தொட்ட மேல் சுரத்துக்கும், மலேசியாவில் பிறந்து தமிழ்த் திரையிசையில் தனக்கென ஓர் இடம் பிடித்த மலேசியா வாசுதேவனின் உரத்த குரலுக்கும் இசையமைப்பாளர் அளந்து வைத்த கட்டையில், ஜாலான் துன் சம்பந்தனில் நிற்கும் ஒரு கணக்காளரோ லாரி ஓட்டுநரோ பாடியாக வேண்டும். எட்டாத சுரம் வந்ததும் தொண்டை இறுகும், காற்று தீரும், காற்றழுத்தம் குறைந்ததும் சுருதி சரியும். ‘கேளடி கண்மணி’ (1990) படத்தில் மூச்சு விடாமல் பாடியது போல ஒலிக்கும் எஸ்.பி.பி.யின் பாட்டை மேடையில் முயன்று பாதியில் விழுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது உண்மையில் ஒரே மூச்சில் பாடிய பாட்டல்ல என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

கராவோக்கே பிறந்த கதையைப் பார்த்தால் இந்த நிலை இன்னும் வருத்தம் தருகிறது. டோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி 1967-இலேயே ஒரு பெட்டியைச் செய்திருந்தார். மதுக்கூடங்களில் அதைப் பரப்பியவர் என்று பெரும்பாலும் சொல்லப்படுபவர் கோபே நகரின் தைசுகே இனோவே. அவர் மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாட, பின்னணி வாசித்துப் பிழைத்தவர். அவரிடம் பாடப் பழகிய நிறுவன முதலாளி ஒருவர், வெளியூர் விருந்தில் பாட வேண்டும், கூட வந்து வாசி என்று கேட்டார். உன் வாசிப்புக்கு மட்டும்தான் என்னால் பாட முடிகிறது, என் குரலுக்கு என்ன வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கேற்பப் பின்னணியை நாடாவில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வந்த யோசனையில் 1971-இல் பதினோரு இயந்திரங்களைச் செய்து மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை எடுக்கவில்லை. பாடத் தெரியாத ஒரு மனிதரின் தொண்டைக்கு இசையை வளைத்துக் கொடுத்ததுதான் தொடக்கம்.

நாடாக் காலத்தில் சுருதியை இறக்க நாடாவை மெதுவாக ஓட்ட வேண்டும், பாட்டும் மெதுவாகும். இன்றைய இயந்திரம் ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, வேகம் மாறாமல் அதிர்வெண்ணை மட்டும் மாற்றி ஒட்டிவிடும். கராவோக்கே இயந்திரங்களில் கீ என்று எழுதிய பொத்தான் இதற்குத்தான். ஓர் அழுத்தம், ஒரு படி. இரண்டு மூன்று அழுத்தம் கீழே இறக்கினால் பலருக்குப் பாட்டு கைக்கு வந்துவிடும். யூடியூப்பிலிருந்து நேராகத் தடத்தை ஓடவிடும் இடங்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. கடைக்காரர் ஒரு கராவோக்கே செயலியைப் போட்டால் வந்துவிடும்.

சுருதியே கேக்காதுடா என்ற தீர்ப்பு விளையாட்டுப் பேச்சு அல்ல. அதற்கு விளைவு உண்டு. அமெரிக்காவின் ஸ்டீவன் டெமரெஸ்டும் பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் 2015-இல் மூன்று வயதுப் பிரிவினரை ஒப்பிட்டார்கள்: பாலர் பள்ளிக் குழந்தைகள், ஆறாம் வகுப்பு மாணவர்கள், கல்லூரி மாணவர்கள். பாலர் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்குள் சுருதி நன்றாகத் தேறுகிறது. கல்லூரி மாணவர்களோ சில சோதனைகளில் பாலர் பள்ளி நிலையிலேயே இருந்தார்கள்; பாடுவதை விட்டது காரணமாக இருக்கலாம். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலும் கோயில் தேவார வகுப்பிலும் வாய்திறந்து பாடுகிறார்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். முப்பது வயதில் பப்பில் மைக் பிடிப்பவர், நின்றுபோன அந்தப் பயிற்சியைத்தான் மறுபடி தொடங்குகிறார். அந்த நேரத்தில் அவரை உட்கார வைத்துவிடக் கூடாது.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பெட்டாலிங் ஜெயாவிலோ கராவோக்கே நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையில் பாடுபவரின் முகத்தைப் பார்த்து ஒரு சிறிய ஒலிபெருக்கியை வையுங்கள். மேடைக் கச்சேரிகளில் பாடகர் காலடியில் சாய்ந்து நிற்குமே, அதுதான். மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். பொழுதுபோக்குக் கூடங்களுக்கு 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் வைத்த மேல் வரம்பு, கால் மணிநேரச் சராசரியாக 100 டெசிபல். எக்கோவைப் பாதியாக்குங்கள். கீ பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாட வருபவரிடம் சொல்லுங்கள். பாடப்போகிற நண்பரே, தயங்காமல் இரண்டு படி இறக்கச் சொல்லுங்கள், நிதானமான பாட்டாக எடுங்கள், குரல் கேட்கவில்லையென்றால் ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். எலும்பு வழியாக உங்கள் குரல் உள்ளே வந்து சேரும்.